வாசலிலேயே நிறுத்தாதீர்கள்: பல் ஸ்டெம் செல் ஆய்வாளர்களுக்கு வட சென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னையிலுள்ள அரசு, தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளின் ஈறு நோய்த் துறைப் பேராசிரியர்களுக்கும், பல் ஸ்டெம் செல் ஆய்வில் இருப்பவர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பல் மருத்துவம் பார்க்கிறேன். ஆராய்ச்சியில் இல்லை. ஆனால் பல்லைத் தாங்கும் திசுக்களை ஸ்டெம் செல் (பல வகைத் திசுவாக மாறக்கூடிய மூலச் செல்) கொண்டு மறுபடி வளர்ப்பது பற்றி வருகிற கட்டுரைகளை விடாமல் படிக்கிறவள். ஒவ்வொன்றிலும் நான் முதலில் தேடுவது, யாரைச் சோதனையில் சேர்க்கவில்லை என்று சொல்லும் அந்தச் சில வரிகளைத்தான். பொதுவாக அங்கே இருப்பது இதுதான்: அதிகம் புகைப்பவர்கள் வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் வேண்டாம். எலும்பு ஓரிடத்தில் குழியாகக் கரைந்திருந்தால் சேர்க்கலாம், சுற்றிலும் சமமாகத் தேய்ந்திருந்தால் வேண்டாம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடியிலிருந்து பல் ஆடுகிறது என்று என்னிடம் வருபவர்களில் மிகப் பலர் அந்த வரிகளுக்குள் அடங்கிவிடுகிறார்கள். இந்தச் சிகிச்சை நம் ஊரில் சோதனைக்கு வரும்போது அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் லோடு ஏற்றி இறக்குபவர். விசைப்படகில் நாள்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர். மார்க்கெட்டில் விடியற்காலையிலிருந்து மீன் வெட்டும் அம்மா. கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்குபவர். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டும் டிரைவர். தூக்கமும் பசியும் தெரியாமல் இருக்க மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது) போடுகிறார்கள், பீடி பிடிக்கிறார்கள். குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. ஆனாலும் கன்னத்துக்குள் மாவா உருண்டை இல்லாத வாயை இந்தப் பகுதியில் தேடத்தான் வேண்டியிருக்கிறது. கூடவே சுகர். நாடு முழுக்க 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் சொன்னது. என்னிடம் வருபவர்களில் சிலருக்குத் தங்களுக்குச் சுகர் இருப்பதே தெரியாது. ஈறில் அடிக்கடி சீழ் கட்டுவதைப் பார்த்து நான் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, அங்கேதான் தெரியவருகிறது.

40, 45 வயதில் வந்து, "முன்னாடி ரெண்டு பல்லு ஆடுதும்மா, எடுத்துடுங்க" என்பார்கள். எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால் அந்தப் பல்லில் ஒரு சொத்தை இருக்காது. எனாமல் முழுசாக இருக்கும். வேர் முழுசாக இருக்கும். தாங்கிப் பிடிக்க வேண்டியவை மட்டும்தான் போயிருக்கும். நல்ல பல்லைப் பிடுங்கிப் போடுகிற வேலை என் தொழிலில் மிகவும் வேதனையானது. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் அது தெரியும்.

நெறிமுறைக் குழுவில் மருத்துவர் அல்லாதவர்களும் இருப்பீர்கள், அதனால் அந்தத் தாங்கும் திசுக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அவை 4. வெளியே தெரிகிற ஈறு, வேரின் மேல் படிந்த சிமெண்டம் என்ற மெல்லிய படலம், பல் உட்கார்ந்திருக்கும் தாடைக்குழி எலும்பு, இந்த எலும்பையும் வேரையும் இணைக்கிற நார். அந்த நாரின் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். கயிற்றுக் கட்டிலில் சட்டத்துக்குச் சட்டம் இழுத்துக் கட்டிய கயிறு படுப்பவரின் எடையைத் தாங்குவதுபோல, அது பல்லை எலும்புக்குள் தொங்கவிட்டுத் தாங்குகிறது. ஒரு முனை எலும்பிலும் மறுமுனை சிமெண்டத்திலும் புதைந்திருக்கும். சோற்றில் சின்னக் கல் அகப்பட்டால் சட்டென்று வாய் நின்றுவிடுகிறதே, அந்த உணர்விலும் இந்த நாருக்குப் பெரிய பங்கு உண்டு. எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்லான இம்பிளாண்டில் இந்த நார் கிடையாது. அங்கே டைட்டானியம் நேராக எலும்போடு ஒட்டிக்கொள்கிறது.

பல்லில் கெட்டியாகப் படியும் காரை சேர்ந்து, கிருமி தங்கி, உடலின் எதிர்ப்பே திசுவை அரிக்கத் தொடங்கியதும் இந்த நாலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைகின்றன. நாங்கள் ஸ்கேலிங் செய்து, அதாவது காரையை எடுத்து, வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் நோய் நிற்கும். போனது வராது. காரணம், காயம் ஆறும்போது ஈறின் மேல்தோல் செல்கள்தான் வேகமாக ஓடி வந்து வேரின் மேல் படர்ந்துவிடுகின்றன. நாரை உண்டாக்கக்கூடிய செல்கள் மெதுவானவை, அவற்றுக்கு இடமில்லாமல் போகிறது. வேரின் மேல் முதலில் வந்து குடியேறும் செல் எதுவோ அதைப் பொறுத்தே எந்தத் திசு வளரும் என்பது அமையும் என்று மெல்ச்சர் என்ற ஆய்வாளர் 1976இல் எழுதினார். அதற்கப்புறம் வந்த தடுப்புச் சவ்வு, எலும்புத் தூள், பன்றியின் பல் முளையிலிருந்து எடுத்த புரதம் எல்லாமே சரியான செல்லுக்கு இடமும் நேரமும் தரும் முயற்சிகள்தான். குழியாகக் கரைந்த எலும்பில் இவை ஓரளவு பலன் தருகின்றன.

சரி, அந்தச் செல்லையே வெளியே வளர்த்துக் கொண்டுவந்து வைத்தால் என்ன? 2004இல் சியோ, ஷி என்ற ஆய்வாளர்களின் குழுவினர் பிடுங்கப்பட்ட ஞானப்பற்களின் வேரில் ஒட்டியிருந்த நாரிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். எலிகளின் உடலில் அவை சிமெண்டத்தையும் நாரையும் போன்ற அமைப்பை உருவாக்கின. வழக்கமாகக் குப்பைக்குப் போகும் ஞானப்பல் அது. கிளிப் போடுவதற்காக எடுக்கும் ஆரோக்கியமான முன்கடைவாய்ப் பற்களும் அப்படித்தான்.

மனிதரில் நடந்ததை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் இந்த இடத்தில்தான் கதை கட்டுகின்றன. 2016இல் சீனாவின் ஷியான் நகரில் 30 நோயாளிகளைக் கொண்டு முறையான ஒப்பீட்டுச் சோதனை நடந்தது. அவரவர் செல்லையே வளர்த்து எலும்புத் தூளோடு வைத்தார்கள். பாதுகாப்பில் குறையில்லை. ஆனால் தூள் மட்டும் வைத்தவர்களைவிட எலும்பு குறிப்பிடும்படி அதிகம் வளரவில்லை. 2018இல் டோக்கியோவில் நாரின் செல்களைத் தாள் போல வளர்த்து, அடுக்கி, 10 பேருக்கு வேரின் மேல் போர்த்தினார்கள். ஈறுப்பையின் (நோயால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உண்டாகும் பள்ளத்தின்) ஆழம் சராசரியாக 3 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தது. அதில் ஒப்பிட வேறொரு குழு இல்லை. அண்மையில் சீனாவில் பல மையங்களில், வேறொருவரின் பற்கூழிலிருந்து (பல்லின் உள்ளே இருக்கும் மென்திசுவிலிருந்து) வளர்த்த செல்களை ஊசியாகப் போட்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். நோய் முற்றிய மூன்றாம் நிலையில் இருந்தவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. நம்பிக்கை வைக்க இது போதும். காசு வாங்கிக்கொண்டு விற்க இது போதாது.

அந்தக் கடைசிச் சோதனை எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவரின் செல்லையே எடுத்து அவருக்கே வளர்த்துத் தருவதென்றால், பலியிட ஒரு நல்ல பல் வேண்டும், வாரக்கணக்கில் சுத்த அறையில் வளர்க்க வேண்டும், ஆளுக்கு ஆள் தனியாகச் செய்ய வேண்டும். 45 வயதில் பாதிப் பல் போனவரிடம் அந்த நல்ல பல் எங்கே இருக்கும்? இன்னொன்றும் உண்டு. நிக்கோட்டினும் உயர்ந்த சர்க்கரையும் இந்தச் செல்கள் பெருகுவதையும் எலும்பாக மாறுவதையும் மந்தப்படுத்துகின்றன என்று ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அதாவது வருஷக்கணக்காக மாவா போட்டவரின் சொந்தச் செல் அவருக்கே போதுமான அளவு உதவாமல் போகலாம். இளம் வயதில் கிளிப்புக்காகப் பல் எடுத்துக்கொண்ட ஒருவரின் செல் இந்த மாவா போட்டவருக்கு உதவுமா என்பதுதான் அவருக்காகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதை இங்கேதான் கேட்க முடியும்.

விலக்குவதற்கு நீங்கள் சொல்லும் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. புகையும் சர்க்கரையும் காயம் ஆறுவதைக் கெடுக்கும், அப்புறம் பலன் செல்லால் வந்ததா, வராமல் போனது புகையால் போனதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. முதல் சோதனைக்கு இது நியாயம். பாதுகாப்பு தெரிந்துவிட்டது என்று பல நாடுகளில் எழுதிய பிறகும் அடுத்தடுத்த சோதனைகளும் அதே சுத்தமான ஆட்களை மட்டும் தேடிப் போவது நியாயமாகத் தெரியவில்லை. அவர்கள் பழைய முறைகளிலேயே ஓரளவு தேறிவிடக்கூடியவர்கள். குழியாகக் கரைந்த எலும்புக்குத் தூளும் சவ்வும் இருக்கின்றன. சுற்றிலும் சமமாகத் தேய்ந்த எலும்பை நம்பகமாக உயர்த்தும் முறை இன்றுவரை எங்களிடம் இல்லை. என் நோயாளிகளின் எக்ஸ்ரேக்களில் பெரும்பாலும் தெரிவது அந்தச் சமமான தேய்மானம்தான். எதற்கு மருந்தே இல்லையோ அதைச் சோதனைக்கு வெளியே வைத்துவிட்டு, மருந்து இருப்பதற்கே இன்னொரு மருந்து தேடுகிறோம். சர்க்கரை நோயாளிகளைத் தனிக் குழுவாக வைத்து, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியின்படி பிரித்து, அவர்களுக்குள்ளேயே ஒப்பிட்டால் ஆய்வின் கணக்கு கெடாது. புகையிலையை விடச் சம்மதிப்பவர்களுக்கு அதற்கான உதவியைச் சோதனையின் முதல் கட்டமாகவே வைக்கலாம்.

இந்தப் பகுதியில் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லியில் கை அறுவைச் சிகிச்சைக்கென்று பேர்பெற்ற துறை இருக்கிறது. மெஷினில் கை நசுங்கி வரும் தொழிலாளிகள் நிறைந்த இடத்தில், அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த துறை அது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் எங்கெங்கோ போய்ப் பெயர் வாங்கினார்கள். "இந்தத் தொழிலாளிகள் கையைக் கவனிக்க மாட்டார்கள், ஆற விடமாட்டார்கள்" என்று அன்று யாராவது ஒதுக்கியிருந்தால் அந்த அறிவு இன்று இருந்திருக்காது. பற்களுக்கும் அப்படி ஓர் இடம் இந்தப் பக்கத்திலேயே அமையலாம். அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரேதான் இருக்கிறது. எண்ணூரிலிருந்து வரும் மின்சார ரயில் பீச்சில் வந்து நிற்கிறது, அடுத்த நிலையம் கோட்டை.

இதைப் படிக்கும்போது உங்களில் சிலருக்கு ஒரு தயக்கம் வரும், வர வேண்டும். ஏழைகளைச் சோதனைக்கு இழுக்கச் சொல்கிறாளா என்று. மருந்துச் சோதனைகளில் விவரம் தெரியாமல் சேர்க்கப்பட்ட ஏழைகளின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013இல்தான் விதிகள் இறுகின. அந்த வரலாறு எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் என் கோரிக்கை இவர்களைச் சேருங்கள் என்பதோடு நிற்கவில்லை, எப்படிச் சேர்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன்.

ஒப்புதல் படிவம் வாசித்தால் புரியும் தமிழில் இருக்கட்டும். இங்கே பலர் வீட்டில் தெலுங்கும் உருதும் பேசுகிறார்கள், அவர்களுக்கு அந்த மொழியில் சொல்ல ஆள் வேண்டும். "உங்களுக்குச் செல் கிடைக்காமலும் போகலாம், வெறும் உப்பு நீர் ஊசியாக இருக்கலாம்" என்பதை ஒளிக்காமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வர அவகாசம் வேண்டும், டாக்டர் முன்னால் உட்கார்ந்தபடி முடியாது என்று சொல்வது அவர்களுக்கு எளிதல்ல. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். போகும் கூலியையும் பயணச் செலவையும் ஈடுசெய்ய நெறிமுறைகள் இடம் தருகின்றன, ஆய்வுக்குப் பணம் கேட்கும்போதே அதையும் எழுதிக் கேளுங்கள். மாலை நேரத்தில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையில் இருக்கும் காலம் அதுதான். அறுவைச் சிகிச்சையும் முதல் சில வாரக் கவனிப்பும் அந்த நாள்களில் அமைந்தால் ஒருவர்கூட நடுவில் விட்டுப் போக வேண்டியிருக்காது. "நோயாளி தொடர்ந்து வரவில்லை" என்று கட்டுரையில் எழுதுவதற்கு முன், அவர் வரக்கூடிய நாளில் நாம் கூப்பிட்டோமா என்று பார்த்துக்கொள்ளலாமே.

நம் நாட்டின் சட்டநிலையையும் நீங்கள் உரக்கச் சொல்ல வேண்டும். ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளின்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தவிர மற்ற எல்லாமே இன்னும் ஆய்வுதான். ஆய்வென்றால் முறைப்படி பதிவு செய்ய வேண்டும், சேர்பவரிடம் காசு வாங்கக்கூடாது. தொப்புள்கொடி ரத்தத்தைத் தவிர, பல் உட்பட வேறு எதையும் வணிக ரீதியில் சேமித்து வைக்கவும் அனுமதியில்லை. அப்படியிருக்க, பிள்ளையின் பால் பல்லைப் பத்திரப்படுத்தினால் பின்னாளில் எந்த நோயும் தீரும் என்று ஆசை காட்டப்பட்டு, கடன் வாங்கிக் கட்டலாமா என்று கேட்டு என்னிடம் வந்த தாய்மார்கள் உண்டு. நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும். நாளிதழில், தொலைக்காட்சியில், கல்லூரி வெளிநோயாளிப் பிரிவின் சுவரில் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம் இல்லாமல் ஸ்டெம் செல் பேச்சு இங்கே எடுபடாது. அது சாதாரண ஸ்கேலிங். காரையும் சீழும் இருக்கிற ஈறுப்பைக்குள் எவ்வளவு நல்ல செல்லை வைத்தாலும் அது பிழைக்காது. சோதனைக்கு முன்னும் பின்னும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் "கிளீன் பண்ணா பல்லு லூசாயிடும்னு சொல்றாங்களே டாக்டரம்மா" என்று கேட்காத குடும்பம் இங்கே அபூர்வம். காரை ஆடும் பற்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்திருக்கும், எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியவரும். பயம் அங்கிருந்து வருகிறது. அதைப் பொறுமையாக விளக்க நேரம் வேண்டும், ஆள் வேண்டும். ஈறு நோயைக் கவனித்தால் சர்க்கரையின் மூன்று மாத சராசரி ஏறக்குறைய 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்பது பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் சுகர் மாத்திரை தருகிற பெண்கள் இந்தத் தெருக்களில் 2021க்குப் பிறகு பழக்கமான முகங்களாகிவிட்டார்கள். அவர்கள் "ஈறில் ரத்தம் வருதா, பல் ஆடுதா" என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால், பல் விழுவதற்கு வெகு முன்பே ஆட்களைக் கண்டுபிடித்துவிடலாம். சுகாதாரத் துறையிடம் அதைக் கேட்கும் செல்வாக்கு எனக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அப்படிக் கண்டுபிடிக்கப்படுபவர்களே நாளை உங்கள் சோதனைக்கும் தயாரான ஈறுகளோடு வருவார்கள்.

அடுத்த சோதனைக்கான வரைவை எழுத உட்காரும் முன், சேர்க்கும் நிபந்தனைகளை முடிவு செய்பவர்கள் ஒரு மாலை என் கிளினிக்குக்கு வாருங்கள். ஏப்ரல் பிற்பாதியில் வந்தால் கடல் தொழிலாளர்களையும் பார்க்கலாம். நோயாளிகளின் சம்மதத்தோடு, பெயரை நீக்கி, எக்ஸ்ரேக்களையும் ஈறுப்பை ஆழக் குறிப்புகளையும் சர்க்கரை அளவுகளையும் எடுத்துவைக்கிறேன். எத்தனை பேர் உங்கள் நிபந்தனைக்குள் வருகிறார்கள், எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். விருப்பமுள்ளவர்களிடம் அவர்கள் மொழியில் பேசுவது, குறித்த நாளில் அழைத்து வருவது, சோதனை முடிந்து நீங்கள் போன பிறகும் அந்த ஈறுகளைக் கவனித்துக்கொள்வது ஆகியவற்றை நான் ஏற்றுக்கொள்கிறேன். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பல் மருத்துவர்